லேஞ்சி போட்டு வைத்த இடம்

திரைக்குப் பின்னால் இருக்கிற என் அம்மாவுக்கு,

இன்றைக்கு மூன்று இராசாக்கள் திருநாள். பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் கோச்சி காட்டுவதும் முடிந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணீர் கூட வைக்கவில்லை. உங்கள் தையல் மெசினுக்கு முன்னால், உங்கள் முக்காலியில் இருந்துதான் எழுதுகிறேன். குருநகர் முழுக்க வாடைக்காற்று அடிக்கிறது. யன்னல் சேலை எழும்பி எழும்பி விழ, யாரோ அதற்குப் பின்னால் ஒளிந்திருந்து மூச்சு விடுவதுபோல இருக்கிறது. நீங்கள் என்றால் ஒருக்கால் இருமிக் காட்டுங்கள்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணை வந்திருக்கிறார். ஆனால் மூன்றாவது ராசா வரவில்லை. இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டேன். இவ்வளவும் நடந்து முடிய இரண்டு கிழமை எடுத்தது.

இந்தக் கடிதத்தைப் பங்கு மலரில் போடத் தரச்சொல்லிப் பாதர் கேட்டிருக்கிறார். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதைகளையும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னதையே சொல்கிறாள் என்று ஏசாதீர்கள்.

உண்மையான ரயில் கோச்சி சண்டையால் நின்றுபோன வருடம் எனக்கு ஆறு வயது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். கோச்சி எப்படி இருக்கும் என்று நான் கேட்டுக் கேட்டு உங்களைத் தின்றேனாம். வாயால் சொல்லிக் களைத்துப்போய், அந்த நத்தாருக்குப் பாலன் குடில் வைக்கும்போது நீங்கள் ஒரு கோச்சியையே செய்துவிட்டீர்கள். பால்மா ரின்னில் எஞ்சின். மீன் ரின்னில் இரண்டு பெட்டிகள். தையல் நூல் சுற்றி வரும் கட்டைகள்தான் சில்லு. ஈர்க்கில் தண்டவாளம். சிலிப்பர்க் கட்டைக்கு ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் எல்லாரும் ஐஸ்பழக் குச்சி பொறுக்கிக் கொண்டுவந்து தந்தார்கள்.

அது எப்படி ஓடியது என்பதுதான் அதிசயம். எஞ்சினின் மூக்கில் அப்பாவின் மீன்பிடித் தங்கூசியைக் கட்டி, மறுமுனையைக் குடிலுக்குப் பின்னால் தொங்கவிட்ட சேலைத் திரைக்குள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, நீங்கள் இழுப்பீர்கள். மீனின் கண்ணுக்கே தெரியாத நூல், மனிதரின் கண்ணுக்கா தெரியப்போகிறது? "தொழிலுக்கு வைச்ச தங்கூசியடி அது!" என்று அப்பா கத்தினார். பிறகு அவரும் தவறாமல் முன்வரிசையில் வந்து குந்திக்கொண்டார். கடற்கரை மணலில், சீமெந்துப் பையைக் கசக்கிச் செய்த மலைகளுக்கு நடுவில், ஒரு கோச்சி தன்பாட்டில் ஊர்ந்து வந்தது.

அதில் வந்தவர்கள் மூன்று ராசாமார். மற்ற வீடுகளில் நத்தாரன்றே மூவரையும் மாட்டுத் தொழுவத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு அது பிடிக்காது. "தூர இடத்திலை இருந்து வாற சனம் உடனை வந்து நிக்குமே?" என்று கேட்டு, அவர்களை அறையின் மற்ற மூலையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கோச்சி ஏற்றினீர்கள். ஒரு நாளைக்கு ஒரு ஸ்டேசன். மட்டையில் உங்கள் கோணல் எழுத்தில் பளை, கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி, நாவற்குழி. ஸ்டேசன் போதாத நாளில், "சிக்னல் கிடைக்கேல்லை, இண்டைக்கு இதிலைதான் நிக்கும்" என்று திரைக்குள் இருந்து குரல் வரும். திருநாளன்றுதான் ராசாமார் குடிலுக்கு வந்து சேருவார்கள். பன்னிரண்டு பின்னேரமும் ஒழுங்கைச் சனம் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கோச்சி பார்க்க வந்தது.

யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்கு அடுத்த மட்டையில் பெத்லகேம் என்று எழுதியிருந்தீர்கள். அப்பா விடவில்லை. "யாழ்ப்பாணத்துக்கு அடுத்தது கொக்குவில் எல்லோ?" என்றார்.

"மார்கழியிலை மட்டும் பெத்லகேம்," என்றீர்கள்.

நான் இன்னமும் அந்தக் கோச்சியைக் கனவில் காண்கிறேன், அம்மா. கனவில் நான் மீன் ரின்னுக்குள் இருக்கிறேன். இரண்டு பக்கமும் வெள்ளை மணல் போகிறது, போகிறது, முடியவே இல்லை. சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டேசனிலும் ஆள் இல்லை, ஆனால் எல்லா ஸ்டேசனிலும் யாரோ இப்போதுதான் எழும்பிப் போனதுபோல வாங்கு சூடாக இருக்கிறது. எனக்குப் பயமே வருவதில்லை. இழுக்கிற கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அண்ணை வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்குப் பத்தொன்பது. கோச்சி இல்லை. கிளாலிக் கடலால் வள்ளத்தில் போய்த்தான் அந்தப் பக்கம் ஏற வேண்டும். அப்பா கடதாசிகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் குடில் சாமான் பெட்டியைத் திறந்து ராசாமாரை எடுத்தீர்கள். ஒருவர் முழங்காலில் நிற்பவர், ஒருவர் குனிந்து நிற்பவர், மூன்றாமவர் வெள்ளைப்போளக் கிண்ணத்தோடு நிமிர்ந்து நிற்பவர். அந்த மூன்றாமவரின் சுரூபத்தை ஒரு காலுறைக்குள் சுற்றி அண்ணையின் சட்டைப்பைக்குள் வைத்தீர்கள்.

"முழங்காலிலை நிக்கிறவர் பயணத்துக்குச் சரிவராது. இவர் நல்லா நடப்பார். வரேக்கை திருப்பிக் கொண்டு வா, ராசா," என்றீர்கள்.

அந்த நத்தாருக்கு இரண்டு ராசாமார்தான் கோச்சி ஏறினார்கள். மூன்றாவது இடத்தை நீங்கள் வெறுமையாக விடவில்லை. முத்திரை அளவில் ஒரு வெள்ளைத் துண்டு வெட்டி, நாலு பக்கமும் விளிம்பு மடித்துத் தைத்து, அந்த இடத்தில் போட்டீர்கள். அது லேஞ்சி, ராசாவின் கைக்குட்டை. பஸ்ஸிலும் கோச்சியிலும் யன்னலால் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கிற எங்கள் சனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கியது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனா.

திருநாளன்று கோச்சி வந்து நின்றதும் பிள்ளைகள் ஒரே குரலில் கேட்பார்கள்: "மூண்டாவது ராசா எங்கை?"

திரைக்குள் இருந்து உங்கள் பதில் வரும்: "அவர் அடுத்த கோச்சியிலை வாறார்!"

கேட்ட பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அதே கேள்வியைக் கேட்க வைத்தார்கள். இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மூலையில் இருந்த நத்தாருக்கும் கோச்சி ஓடியது. உரப்பையில் கட்டித் தலையில் சுமந்து வந்திருந்தீர்கள். அந்த வருடம் லேஞ்சி மழையில் நனைந்து, நீங்கள் அதைப் பிழிந்து காயப்போட்டது எனக்கு நல்ல நினைவு. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிழிகிற அளவுதான் அது இருந்தது.

பிறகு தொலைபேசிக் காலம். ரவுணில் இருந்த கடையில் காத்திருந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருவரும் நெருக்கியடித்து நின்று, நீங்கள் குழாயைக் காதில் வைத்ததும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ராசா எப்பிடி இருக்கிறார்?"

"பத்திரமா இருக்கிறார் அம்மா," என்று பிரான்சில் இருந்து பதில் வரும்.

முடிக்கும்போது இன்னொன்று: "ராசா எப்ப வாறார்?"

அதற்கு, "பாப்பம் அம்மா."

ஏன் இப்படி ஆரோ மூன்றாம் ஆளைக் கேட்பதுபோலக் கேட்கிறீர்கள் என்று நான் ஒருமுறை உங்களைப் பிடித்தேன். "எப்ப வருவாய் எண்டு நேரை கேட்டால் பிள்ளை அங்கை கிடந்து அந்தரப்படும். பகிடியாக் கேட்டால் பகிடியாப் போயிடும்," என்றீர்கள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

கோச்சி திரும்பி வந்த கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரே பார்க்கப் போனது, நீங்கள்தான் முதல் வரிசை. அதற்குப் பிறகு பள்ளிக்கூட விடுமுறை விட்டால் உங்களுக்கு ஒரே வேலை. ஒழுங்கையில் உள்ள தாய்மாரையும் பிள்ளைகளையும் சேர்த்து, இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்குவது. அங்கே கடலைப் பார்ப்பது. "இதுவும் எங்கடை கடல்தானே, இதைப் பாக்கவே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று நீங்களே கூட்டிக்கொண்டு போன சனத்தை நீங்களே பகிடி பண்ணுவது. பிறகு திரும்பி ஏறுவது. ஒரு அலுவலும் இல்லாத பயணம். அப்படி ஒன்றைச் செய்ய முடிகிறதே என்று எங்களுக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது.

அந்தப் பயணங்களில் உங்கள் பக்கத்து இடத்தில் எப்போதும் லேஞ்சி கிடக்கும். முழு அளவு லேஞ்சி. "ஆரும் வருகினமோ அம்மா?" என்று நிற்கிறவர்கள் கேட்டால், "ஓம், அடுத்த ஸ்டேசனிலை ஏறுவார்," என்பீர்கள். அடுத்த ஸ்டேசன் வந்ததும் லேஞ்சியை எடுத்துவிட்டு, "வரேல்லைப் போலை, நீங்கள் இருங்கோ," என்று இடத்தைக் கொடுத்துவிடுவீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். இன்றைக்கு அந்த வெட்கத்தை நினைக்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் அடக்கத்துக்கு அண்ணை வரவில்லை. கைபேசியில் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அழுவதா, படம் ஆடாமல் பிடிப்பதா என்று தெரியாமல் பெட்டி மூடும் நேரம் முழுவதும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் முகத்தைக் கடைசியாக நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை, அம்மா. அந்தக் கோபத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணைக்கென்று சேர்த்து வைத்திருந்தேன்.

போன வருடம் துக்க வருடம், குடில் வைக்கவில்லை. இந்த வருடம் பங்கு இளைஞர்கள் வந்து நின்றார்கள். விடுமுறைக்கு மண்டபத்தில் கோச்சிக் காட்சி வைக்கப்போகிறார்களாம். வெளிநாட்டில் இருந்து ஆரோ அனுப்பிய மின்சாரக் கோச்சி இருக்கிறதாம், நீளமான மேசையில் சுற்றிச் சுற்றி ஓடுமாம், விளக்கு எரியுமாம், கூவுமாம். "உங்கடை அம்மாவின்ரை கோச்சியும் ஒரு மூலையிலை நிக்கட்டும் அக்கா," என்றார்கள். மூலை என்றதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் உரப்பையை அவிழ்த்தேன்.

அடுத்த நாள் அண்ணை தொலைபேசி எடுத்தார். மகளோடு வருகிறாராம். அண்ணிக்கு லீவு இல்லையாம்.

ஸ்டேசனுக்கு நான் போகவில்லை. போனால் கட்டிப்பிடித்துவிடுவேன் என்று பயம். படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. தலை நரைத்து, வயிறு வண்டி வைத்து, அப்பாவின் அதே நடையோடு ஒரு மனிதர் இறங்கினார். பக்கத்தில் பன்னிரண்டு வயதில் அனா, நீங்கள் கைபேசிக் கண்ணாடிக்கு ஊடாகக் கொஞ்சிய பேத்தி. வாங்கோ என்று சொல்ல வாய் வரவில்லை. வேறொன்று வந்தது.

"ராசா எங்கை?" என்று கேட்டேன்.

பையை நிலத்தில் வைத்துவிட்டு அண்ணை என்னைப் பார்த்தார். "துலைஞ்சு போச்சு, தங்கச்சி," என்றார்.

போகிற வழியில், பெயரும் தெரியாத ஒரு பனிக்காட்டில், கூட்டிக்கொண்டு போனவன் பைகளை எல்லாம் எறியச் சொன்னானாம். எறிந்துவிட்டு லொறியில் ஏறினார்களாம். அடுத்த நாள்தான் நினைவு வந்ததாம், சட்டைப்பையில் இருந்த சுரூபத்தைக் கவனமாக இருக்கட்டும் என்று முதல்நாள் பைக்குள் மாற்றி வைத்தது. பிரான்சுக்குப் போய்ச்சேர முதலே ராசா இல்லை.

"அம்மா எப்ப கதைச்சாலும் முதல் கேள்வி அதுதான், தங்கச்சி. ராசா எப்பிடி இருக்கிறார், ராசா எப்ப வாறார். பத்திரமா இருக்கிறார் எண்டு பொய் சொன்னன். ஒருக்காச் சொன்னால் பிறகு சொல்லிக்கொண்டே இருக்க வேணுமே. அந்தளவிலை இன்னொண்டு வாங்குவம் எண்டு கடை கடையாத் தேடினன். ஒண்டும் அதைப்போலை இல்லை. வெறுங்கையோடை எந்த முகத்தைக் கொண்டு வாறது?"

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது, அம்மா. நீங்கள் பிள்ளையை விசாரித்தீர்கள்; பிள்ளையின் காதில் அது சுரூபம் என்று விழுந்தது. முப்பது வருடமாக.

அவருக்கு விளங்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. முதல் நாள் கோபத்தில் சொல்லவில்லை: கிடக்கட்டும், ஒரு சுண்டுவிரல் உயர மண்ணுக்காகத் தாயின் முகம் பார்க்க வராத ஆள்தானே. மூன்றாம் நாள் இரக்கத்தில் சொல்லவில்லை. அவர் உங்கள் கட்டிலில் படுத்திருந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் இந்த மனிதர் எப்படி எழும்புவார்? சொல்லாமல் விட்டால், தாய் தன்னைவிட ஒரு சுரூபத்தைத்தான் தேடினா என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவார். எது பெரிய பாவம்? பாவசங்கீர்த்தனத்தில் கேட்கலாமா என்று கூட யோசித்தேன்.

முழுக்க அந்தச் சுரூபம்தான் காரணம் என்று நானும் நம்பவில்லை. முதலில் கடதாசி இல்லை, பிறகு வேலை, பிறகு குடும்பம். ஆனால் சாட்டுகள் எல்லாம் கொழுவி வைக்க ஒரு ஆணி தேவையாக இருந்திருக்கிறது. அது அந்த ராசாதான்.

இப்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருமுறை நீங்கள் வழமையான கேள்வியைக் கேட்க, "ராசா அலுமாரிக்குள்ளை இருக்கிறார் அம்மா," என்று அண்ணை சொன்னார். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். தொலைபேசியை வைத்துவிட்டு, "அலுமாரிக்குள்ளை இருக்கிறாராம்," என்று என்னிடம் சொல்லித் திரும்பவும் சிரித்தீர்கள். பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை. நான் அண்ணையின் பகிடி என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டதா, அம்மா? விளங்கியிருந்தால் ஏன் திருத்தவில்லை? வரச்சொல்லாமல் இருக்க உங்களுக்கும் ஒரு ஆணி தேவைப்பட்டதா?

புது வருடம் பிறந்து இரண்டாம் நாள், அனாவுக்குக் கோச்சியில் ஏற வேண்டும் என்று ஆசை. நீங்கள் செய்ததைப் போலவே இடியப்பம் கட்டிக்கொண்டு மூவரும் காங்கேசன்துறைக்கு வெளிக்கிட்டோம். விடுமுறைச் சனம். கை தன்பாட்டில் போய் யன்னலால் லேஞ்சியைப் போட்டு அனாவுக்கு இடம் பிடித்தது. மழை விட்ட காலை. கோச்சி எடுத்ததும், எல்லா முகங்களிலும் அந்த அரைத்தூக்கச் சிரிப்பு வந்து குந்தியது. மதில்களுக்கு மேலால் வாழையும் முருங்கையும் மெல்ல மெல்லப் பின்னால் போயின. யாரோ பின்னாலிருந்து தங்கூசியை இழுக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

அனா தலையை வெளியே நீட்டினாள். "ராசாத்தி, தலையை உள்ளுக்கை எடு," என்றேன்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, ராசாத்தி எண்டா ராணி தானே? நான் ராணி இல்லையே. ஏன் மாமி அப்பிடிச் சொல்றா?"

"இஞ்சை பிள்ளையளை அப்பிடித்தான் கூப்பிடுறது. விருப்பத்திலை," என்றார் அண்ணை.

"அப்ப உங்களை அப்பம்மா என்னெண்டு கூப்பிட்டவ?"

"என்னை... ராசா எண்டு..."

அவருடைய வாய் திறந்தபடியே நின்றது. கோச்சியும் நின்றது. வெளியே பலகையில் கொக்குவில் என்று எழுதியிருந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அண்ணை மெல்ல என் பக்கம் திரும்பினார். எங்கே போய் ஒளிவது என்று எனக்குத் தெரியவில்லை.

"தங்கச்சி," என்றார். "அம்மா கேட்டது..."

"ஓம் அண்ணை."

"சுரூபத்தை இல்லை."

"இல்லை அண்ணை. உங்களைத்தான்."

கோச்சி திரும்ப எடுத்தது. காங்கேசன்துறை வரைக்கும் அனா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடற்கரையில் இறங்கி, காலணியோடு தண்ணீருக்குள் முழங்கால் மட்டும் போய் நின்றார். நாங்கள் கரையில் இருந்து இடியப்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வந்து, ஈரக் காற்சட்டையோடு இருந்து, மூன்று பேரின் பங்கையும் அவரே சாப்பிட்டார். எனக்கு அப்போதுதான் என் கோபத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வைத்த இடத்தில் அது இல்லை.

இன்று காலைக்கு வருகிறேன். மண்டபம் நிறையச் சனம். திருநெல்வேலி, கோண்டாவில் என்று எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்திருந்தன. மின்சாரக் கோச்சி நன்றாகத்தான் ஓடியது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டு எங்கள் மூலைக்கு வந்துவிட்டார்கள். இது எப்படி ஓடுகிறது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அன்ரி, இது புளூரூத்திலை ஓடுறதோ?" என்று ஒருவன் கேட்டான். பன்னிரண்டு நாளாகக் கேட்கிறான்.

திரைக்குள் நான். பெத்லகேமுக்கு முன்னால் மிச்சமிருந்த ஒரு முழத்தை மெல்ல இழுத்தேன். உங்கள் வேகத்துக்குத்தான் இழுத்தேன். அவசரப்பட்டால் நூற்கட்டைச் சில்லு மணலில் புதையும் என்று எனக்குத் தெரியும். கோச்சி வந்து நின்றது. முழங்காலில் நிற்கும் ராசா, குனிந்து நிற்கும் ராசா, லேஞ்சி.

"மூண்டாவது ராசா எங்கை?" என்று மண்டபமே கேட்டது.

பதில் எனக்கு மனப்பாடம். அடுத்த கோச்சியிலை வாறார். மூன்றே மூன்று சொல். வரவில்லை. சேலையின் நீக்கலால் பார்த்தேன். சனத்தை விலக்கிக்கொண்டு அண்ணை முன்னுக்கு வந்தார். வயிறு இடிக்க, மூச்சு வாங்க, மணலில் முழங்காலில் இருந்தார். இரண்டு விரலை நீட்டி, மீன் ரின்னுக்குள் இருந்த லேஞ்சியை எடுத்தார்.

"இது என்ரை இடம், பிள்ளையள்," என்றார். "எனக்குத்தான் பிடிச்சு வைச்சது. நான் கொஞ்சம் பிந்திப் போனன்."

முன்வரிசையில் இருந்த சின்னவள் ஒருத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அங்கிள் பொய். உங்களுக்குக் கிரீடம் இல்லை," என்றாள்.

"இல்லை, அவர்தான்," என்று அனாவின் குரல் கேட்டது. "அப்பம்மா அவரை அப்பிடித்தான் கூப்பிட்டவ."

அண்ணை லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். முத்திரை அளவுத் துணி அது, ஒரு கண்ணுக்கே காணாது. தெரிந்தும் இரண்டு கண்ணையும் அதாலேயே துடைத்தார். பிறகு அதை மடித்து, அன்றைக்கு நீங்கள் ராசாவை வைத்த அதே பக்கச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் திருப்பிக் கேட்கவில்லை. திரைக்குள் தங்கூசியைப் பிடித்தபடி, உங்கள் அடக்கத்தன்று அழாததை எல்லாம் சேர்த்து அழுதேன். நீங்களும் அந்தத் திரைக்குள் இருந்து இப்படித்தான் அழுதிருப்பீர்களா? அதற்காகத்தானா அவ்வளவு தடித்த சேலையாகப் பார்த்துக் கட்டினீர்கள்?

நாளை மறுநாள் அவர்கள் திரும்புகிறார்கள். மெசினில் வெள்ளை நூல் கோத்து வைத்திருக்கிறேன். அடுத்த நத்தாருக்கு உங்களுக்கென்று இன்னொரு லேஞ்சி தைக்க வேண்டும். நீங்கள் வரமாட்டீர்கள் என்று புத்திக்குத் தெரியும், வருவீர்கள் என்று மனம் சொல்கிறது. இடம் பிடித்து வைப்பதில் பிழையில்லையே.

ஒரு வாக்குத் தருகிறேன், அம்மா. இந்த முறை நான் ஸ்டேசனுக்குப் போவேன். பெட்டி யன்னலுக்குப் பக்கத்தில் நின்று, பகிடி இல்லாமல், மூன்றாம் ஆளைக் கேட்பதுபோல இல்லாமல், அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்பேன்: "அண்ணை, நீங்கள் எப்ப திரும்பி வாறியள்?" அந்தரப்பட்டால் படட்டும். பதில் சொல்லும்வரை யன்னல் கம்பியில் இருந்து கையை எடுக்க மாட்டேன்.

ராசாவுக்குத் தங்கச்சி,
உங்களுக்குப் பிள்ளை.